வாசகர் கேள்வி: மெனுஹினும் எல்கரும், 1932

ஆங்கில இசையமைப்பாளர் எட்வர்ட் எல்கரின் வயலின் கான்செர்டோவை (தனி வயலினுக்கும் ஆர்கெஸ்ட்ராவுக்கும் எழுதிய, மூன்று பகுதி கொண்ட படைப்பு) 16 வயது வயலின் கலைஞர் யெஹுதி மெனுஹின் வாசிக்க, இயற்றிய எல்கரே தம் 75ஆம் வயதில் லண்டன் சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவை நடத்தினார். 1932 ஜூலை 14, 15 தேதிகளில் லண்டன் அபே ரோடு ஸ்டுடியோவில் எடுத்த அந்தப் பதிவை எச்.எம்.வி. நிறுவனம் இசைத்தட்டுகளாக வெளியிட்டது. ஏறக்குறைய 50 நிமிடம் ஓடும் அந்தப் பதிவைக் கேட்டுவரும் வாசகர்களின் கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம்.

கேள்வி: மூன்று நிமிடம் போல ஆர்கெஸ்ட்ரா மட்டுமே வாசிக்கிறது. வயலின் வரவே இல்லை. என்னிடம் இருப்பது குறைபட்ட பிரதியா?

பதில்: பிரதியில் குறை இல்லை. முதல் பகுதியின் முக்கியமான மெட்டுகள் எல்லாவற்றையும் ஆர்கெஸ்ட்ரா முதலில் அடுக்கி வைத்துவிடும். அவை ஒவ்வொன்றும் சிறியவை, ஒன்று முடிவதற்குள் அடுத்தது தொடங்கிவிடும். வயலின் பிறகு என்னென்ன செய்யப்போகிறதோ அதற்கெல்லாம் விதை அந்த மூன்று நிமிடத்தில் இருப்பதால் அதைத் தாண்டிப் போகாதீர்கள்.

வயலின் நுழையும் இடம்தான் அழகு. பெரிய கான்செர்டோக்கள் பலவற்றில் தனி வயலின் மேல் ஸ்தாயியில் பளிச்சென்று வந்து நிற்கும். இங்கே ஆர்கெஸ்ட்ரா முதல் மெட்டைத் தொடங்கிப் பாதியில் விட, மீதியை வயலின் கீழ் ஸ்தாயியில், தடித்த தந்தியில், பேச்சுக்குப் பதில் சொல்வது போல முடித்துவைக்கிறது. மெனுஹின் அந்த வாக்கியத்தைத் துளியும் மிகைப்படுத்தவில்லை. 16 வயதில் அந்த நிதானம் எப்படி வந்தது என்று ஒவ்வொரு முறையும் வியக்கிறோம். முதல் நாள் முழுவதையும் கேட்க வேண்டாம். முதல் ஐந்து நிமிடத்தை மட்டும் இரண்டு முறை கேளுங்கள். இரண்டாம் முறை, வயலின் முடித்துவைப்பது எந்த மெட்டு என்று காதுக்கே தெரிந்துவிடும்.

கேள்வி: கர்நாடக இசை கேட்டுப் பழகியவன் நான். இந்தப் பதிவில் காலப்பிரமாணம் நிற்கவே இல்லை, ஓடுகிறது, தேங்குகிறது. இதைக் குறை என்று சொல்லலாமா?

பதில்: நல்ல காது உங்களுக்கு. ஆனால் இது குறை அல்ல, இந்தப் பதிவின் உயிரே இதுதான்.

நம் கச்சேரியில் தாளம் ஒரு வட்டம். எடுத்த காலத்தைக் கடைசி வரை காப்பாற்றுவது வித்துவத்துக்கு அடையாளம். எல்கரின் இசையில் திரும்பிவரும் வட்டம் கிடையாது. முதல் பகுதி நாலு அடிக் கணக்கில் எழுதியதுதான் என்றாலும், அந்த அடிகள் ஒரே நீளமாக இருக்க வேண்டும் என்று அவர் நினைக்கவே இல்லை. சில வரிகளுக்கு ஒரு முறை ‘அகலமாக’, ‘முன்னே தள்ளி’, ‘பழைய வேகத்துக்கு’ என்று ஸ்கோரில், அதாவது இசையை எழுதிய தாளில், குறிப்பு எழுதிக்கொண்டே போவார். அச்சில் அந்தக் குறிப்புகளைப் பார்ப்பவருக்கு எவ்வளவு அகலம், எவ்வளவு தள்ளல் என்று தெரியாது. எழுதியவரே நடத்திய பதிவில்தான் அந்த அளவு காதுக்குக் கிடைக்கிறது.

ஒரு பயிற்சி சொல்கிறோம். முதல் பகுதி தொடங்கியதும் கையால் ஒரே சீராக நாலு அடி போடுங்கள். மெட்டு மேலே ஏறும்போது ஆர்கெஸ்ட்ரா உங்கள் கையை முந்தும். உச்ச ஸ்வரத்துக்கு வந்ததும் அங்கே சற்று நிற்கும், உங்கள் கை முந்திவிடும். இரண்டாம் முறை கையை நிறுத்திவிட்டு மூச்சை மட்டும் கவனியுங்கள். ஏறும்போது இழுத்த மூச்சு எங்கே வெளிவருகிறதோ அங்கேதான் எல்கர் தளர்த்துகிறார். ஓர் இடத்தில் எடுத்த காலத்தை இன்னோர் இடத்தில் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்று ஒரு பழைய விதி உண்டு. எல்கர் எல்லா இடத்திலும் திருப்பிக் கொடுப்பதில்லை, அவர் பாட்டுக்கு அடுத்த எண்ணத்துக்குப் போய்விடுகிறார்.

பழக்கப்பட்ட கச்சேரி ஒன்றோடு ஒப்பிட வேண்டுமானால் கிருதியை விட்டுவிட்டு ஆலாபனையை நினைத்துக்கொள்ளுங்கள். ஆலாபனையில் நீங்கள் தாளம் தேடுவதில்லை, ஆனாலும் அது நடக்கும் நடை உங்களுக்குத் தெரிகிறது. அந்த மாதிரியான நடையை இத்தனை பேர் சேர்ந்து, ஒரு சிறுவனின் வில்லோடு ஒட்டி நடக்கிறார்கள்.

கேள்வி: சுருதியும் மாறிக்கொண்டே இருக்கிறது. சட்ஜத்தை எங்கே வைத்துக்கொண்டு கேட்பது?

பதில்: தொடக்கத்துக்கு ஏழு கட்டை. அதைச் சட்ஜமாக வைத்தால் முதல் பகுதியின் அடிப்படை ஸ்வரங்கள் நடபைரவியைப் போல அமையும், காகலி நிஷாதம் சேரும் இடங்களில் கீரவாணியின் சாயல் தெரியும். ராகமாக அல்ல, ஸ்வர வரிசையாக மட்டும் இதைச் சொல்கிறோம். இரண்டாம் பகுதி அரைக் கட்டை இறங்கி ஆறரைக் கட்டையில், சங்கராபரண ஸ்வரங்களில் தொடங்கும். முதல் பகுதி முடிந்த கையோடு கேட்டால் அந்த அரைக் கட்டை இறக்கம் விளக்கைத் தணித்தது போல இருக்கும். மூன்றாம் பகுதி மறுபடியும் ஏழு கட்டைக்குத் திரும்பி, முடிவில் அதே ஏழு கட்டையில் சங்கராபரண ஸ்வரங்களோடு நிறைகிறது.

இடையில் சட்ஜம் பல முறை இடம் மாறும். தம்புராவை மனதில் மீட்டிக்கொண்டே கேட்டால் தலைவலிதான் வரும். ஒவ்வொரு மெட்டையும் அது வரும் இடத்தில் ஒரு வீடாக வைத்துக்கொண்டு, அடுத்த வீட்டுக்குப் போகும்போது கூடவே போய்விடுங்கள்.

கேள்வி: மெனுஹின் ஸ்வரத்துக்கு ஸ்வரம் வழுக்கிக்கொண்டு போகிறார். இது நம் ஜாருதானே? கையை ஆட்டுவது கம்பிதமா?

பதில்: ஒலியில் ஜாருவுக்கு மிக அருகில் வரும், வேலை வேறு. நமக்கு ஜாரு ராகத்தின் உடம்பு. எந்த ஸ்வரத்திலிருந்து எதற்கு வழுக்கலாம் என்று ராகம் தீர்மானிக்கும். மேற்கத்திய வயலின்காரர்களுக்கு அது கை இடம் மாறும் பயணம். முகவாய்க்கும் தோளுக்கும் நடுவே வயலினைப் பிடித்துக்கொண்டு இடது கை ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலைக்குப் போகும்போது, அந்தப் பயணத்தை மறைப்பதா காட்டுவதா என்பது வாசிப்பவர் விருப்பம். 1932இல் காட்டுவதுதான் வழக்கம். ஆர்கெஸ்ட்ராவின் வயலின்களும் சேர்ந்தே வழுக்குவதைக் கவனியுங்கள். தனி வயலினும் பின்னணியும் ஒரே ஊர்ப் பேச்சு பேசுவதால்தான் அது உறுத்துவதில்லை. பிற்காலத்தில் இந்தப் பழக்கம் வெகுவாகக் குறைந்தது. இன்றைய பதிவுகளில் தனி வயலின் வழுக்கினாலும் ஆர்கெஸ்ட்ரா சுத்தமாகத் தாவிவிடும்.

இரண்டாம் பகுதியில் வயலின் மெட்டு மேல்நோக்கித் தாவும் இடங்களை மட்டும் பொறுக்கிக் கேளுங்கள். எல்லாத் தாவலிலும் வழுக்கல் இல்லை. எங்கே மனது இளகுகிறதோ அங்கே மட்டும் வைக்கிறார்.

கையாட்டம் கம்பிதம் அல்ல. கம்பிதம் பக்கத்து ஸ்வரத்தைத் தொட்டுவரும். இது ஒரே ஸ்வரத்தைச் சுற்றி மிகச் சிறிதாக, வேகமாக அசைவது. அந்த அசைவில் இன்னொரு ஸ்வரத்தின் பெயர் கேட்காது.

கேள்வி: மூன்றாம் பகுதியில் எல்லாம் அடங்கி, வயலின் தனியாகப் பேசும்போது பின்னால் ஏதோ ரீங்காரம் கேட்கிறது. தட்டின் இரைச்சலா, வாத்தியமா? அது மனோதர்மமா?

பதில்: இந்தக் கான்செர்டோவின் நெஞ்சே அந்த இடம்தான். மூன்றாம் பகுதியின் ஏறத்தாழ பாதியில் வரும். கான்செர்டோவில் தனி வயலினுக்கென்று விடும் இடத்தில் பொதுவாக ஆர்கெஸ்ட்ரா கைகட்டி உட்கார்ந்திருக்கும். எல்கர் அப்படி விடவில்லை. தந்தி வாத்தியக்காரர்களை வில்லை விட்டுவிட்டு, மூன்று நான்கு விரல்களின் மெத்தென்ற பகுதியால் தந்திகளை மெல்ல வருடச் சொல்லியிருக்கிறார். அந்த வருடல்தான் நீங்கள் கேட்கும் ரீங்காரம்.

இரைச்சலிலிருந்து அதைப் பிரித்தறிய வழி உண்டு. தட்டின் இரைச்சல் மாறாமல் ஓடும், அதில் கீறல் இருந்தால் ‘டக்’ என்ற ஒலி நிமிடத்துக்கு 78 முறை, கடிகாரம் போலத் திரும்பத் திரும்ப வரும். வருடல் அப்படி அல்ல. வயலின் மெட்டு மாறும்போது அதன் சுருதியும் சேர்ந்து மாறும், எழும்பும், அடங்கும். ஒலி குறைவாக இருக்கிறதே என்று இந்த இடத்தில் சத்தத்தைக் கூட்டிவிடாதீர்கள். சில நிமிடம் கழித்து முழு ஆர்கெஸ்ட்ராவும் வந்து அடிக்கும்.

மனோதர்மம் அல்ல, ஒவ்வொரு ஸ்வரமும் எழுதிவைத்தது. ஆனால் வாசிப்பவர் அப்போதுதான் நினைத்துப் பார்ப்பது போல வாசிக்க வேண்டும். ஏனென்றால் இங்கே வருவதெல்லாம் முதல் பகுதியில் கேட்ட மெட்டுகளின் ஞாபகம். சில ராகமாலிகைகளில் பாடிய ராகங்கள் கடைசியில் தலைகீழ் வரிசையில் திரும்பி வருமே, அந்த மகிழ்ச்சிக்குப் பக்கத்து உணர்வு இது, ஆனால் துக்கம் கலந்தது. மெனுஹின் இந்த இடத்தில் வில்லின் அழுத்தத்தை எவ்வளவு குறைக்கிறார் என்பதைக் கேளுங்கள். ஒலி நூலிழையாகிறது, ஆனால் அறுவதில்லை. முதல் பகுதியை மனதில் வாங்காமல் இங்கே நேராக வந்தவருக்கு இது வெறும் அழகான ஒலி. முதலில் சொன்ன அந்த மூன்று நிமிடத்தைத் தாண்டாதீர்கள் என்றது இதற்காகத்தான்.

கேள்வி: எல்கர் ஒத்திகையைப் பாதியில் விட்டுவிட்டுக் குதிரைப் பந்தயத்துக்குப் போனார் என்பது உண்மையா?

பதில்: மெனுஹினே பிற்காலத்தில் பல முறை சொன்ன சம்பவம். பியானோ துணையோடு எல்கருக்கு வாசித்துக் காட்டியபோது சிறிது நேரத்திலேயே அவர் திருப்தியடைந்து, பதிவு நன்றாக வரும், தமக்குக் கவலை இல்லை என்று சொல்லிப் பந்தயத்துக்குக் கிளம்பினார் என்பார். அலட்சியம் என்று கொள்ள வேண்டாம். அதே ஆண்டு நவம்பர் 20 அன்று ராயல் ஆல்பர்ட் ஹாலிலும், 1933 மே இறுதியில் பாரிஸிலும் இருவரும் இதை மேடையில் வாசித்தார்கள். 1934 பிப்ரவரியில் எல்கர் காலமானார்.

கேள்வி: இணையத்தில் ஒரே பதிவு பல வடிவில் கிடைக்கிறது. ஒன்றில் இரைச்சல், ஒன்றில் வயலின் மழுங்கல். எதைத் தேர்ந்தெடுப்பது?

பதில்: முதலில் அது சரியான பதிவுதானா என்று பாருங்கள். மெனுஹின் இதே கான்செர்டோவை 1960களில் ஏட்ரியன் போல்ட் நடத்த மறுபடி பதிவுசெய்தார். மெனுஹின், எல்கர் என்ற பெயர்கள் இரண்டிலும் இருக்கும். நடத்துநர் பெயரும் எல்கர் என்றிருந்தால்தான் இது 1932.

பிறகு மூன்று சோதனை. ஒன்று, ரீங்காரம். மேலே சொன்ன வருடல் காணாமல் போயிருந்தால் இரைச்சலை அளவு மீறி வடிகட்டியிருக்கிறார்கள் என்று பொருள். தட்டின் இரைச்சல் பெரும்பாலும் 3,000, 4,000 ஹெர்ட்ஸுக்கு மேலே உறுத்தும். வயலின் ஒலிக்கு அடையாளம் கொடுக்கும் துணைச் சுருதிகளும் அங்கேதான் குடியிருக்கின்றன. இரைச்சலைத் துடைக்கும்போது அவையும் போய், மேல் தந்தி புல்லாங்குழல் போலக் கேட்கும். இரண்டு, போலி ஸ்டீரியோ. அசல் பதிவு மோனோ, அதாவது இடம் வலம் என்று பிரியாத ஒரே ஒலி. உங்கள் கருவியை மோனோவுக்கு மாற்றினால் ஒலி மாறக் கூடாது. குழாய்க்குள் போனது போல உள்ளீடற்றுப் போனால் பின்னாளில் செயற்கையாகப் பிரித்திருக்கிறார்கள், அதை விட்டுவிடுங்கள். மூன்று, ஒட்டுகள். அன்று மெழுகுத் தட்டில் நேரடியாகப் பதிந்தார்கள், ஒரு பக்கத்துக்கு நாலு நிமிடம் சொச்சம்தான் பிடிக்கும். வெட்டி ஒட்டித் திருத்த வழி இல்லை. தவறு நேர்ந்தால் அந்தப் பக்கம் முழுவதையும் மறுபடி வாசிக்க வேண்டும். ஆகவே நாலு நிமிடத்துக்கு ஒரு முறை ஓர் இணைப்பு இருக்கும். அங்கே இரைச்சலின் அளவு திடீரென்று மாறினாலோ, சுருதி குதித்தாலோ, ஓர் அடி காணாமல் போனாலோ, தட்டிலிருந்து இன்றைய வடிவுக்கு மாற்றியவர் அக்கறை எடுக்கவில்லை என்று பொருள்.

எங்கள் கருத்து: கொஞ்சம் இரைச்சல் உள்ளதையே எடுங்கள். பத்து நிமிடத்தில் காது இரைச்சலை மறந்துவிடும், இழந்த ஒலியைக் காதால் திரும்பக் கொண்டுவர முடியாது. மிகவும் தொந்தரவாக இருந்தால் 8,000 ஹெர்ட்ஸுக்கு மேல் கொஞ்சம் குறைக்கலாம், அங்கே இசை அதிகம் இல்லை. 2,000 முதல் 5,000 வரை கை வைக்க வேண்டாம். ஹெட்போனை விட ஒலிபெருக்கியில் கேட்பது நல்லது. ஹெட்போனில் இரைச்சல் காதுக்குள்ளேயே உட்கார்ந்துகொள்ளும்.

கேள்வி: குடும்பத்தில் வந்த அசல் 78 தட்டுகள் என்னிடம் இருக்கின்றன. எல்.பி. (பின்னாளில் வந்த, நீண்ட நேரம் ஓடும் தட்டு) ஓட்டும் கருவியில் போடலாமா?

பதில்: அப்படியே போடாதீர்கள். இது 12 அங்குலத் தட்டுகள் ஆறு கொண்ட தொகுப்பு. 78 தட்டின் பள்ளம் அகலமானது, அதற்கு ஏறத்தாழ 3 மில் முனை கொண்ட ஊசி வேண்டும், அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்று பங்கு. எல்.பி. ஊசியின் முனை 1 மில் அல்லது அதற்கும் குறைவு. அது பள்ளத்தின் சுவரைத் தொடாமல் அடியில் கிடக்கும் தூசியை உழுதுகொண்டு போகும், இசையை விட இரைச்சல் அதிகமாக வரும். கருவியில் 78 வேகம் இருக்கிறதா என்றும் பாருங்கள். சாவி கொடுக்கும் கிராமபோனில் எஃகு ஊசி என்றால் ஒரு பக்கத்துக்கு ஓர் ஊசி. தேய்ந்த ஊசி பள்ளத்தைச் செதுக்கிவிடும்.

துடைக்க ஆல்கஹால் கலந்த எந்தத் திரவமும் ஆகாது. இந்தத் தட்டுகள் அரக்கால் ஆனவை, ஆல்கஹால் அரக்கைக் கரைக்கும். காய்ச்சி வடித்த நீரில் மென்மையான சோப்புத் திரவம் இரண்டு மூன்று சொட்டு, பள்ளத்தின் போக்கிலேயே மென்துணியால் துடைத்து, வெறும் நீரால் அலசி உடனே ஈரம் ஒற்றி எடுங்கள். நடுவில் உள்ள காகிதம் நனையக் கூடாது. நிமிர்த்தி அடுக்குங்கள்.

ஓட்டியதும் ஒலி மந்தமாகத் தெரிந்தால் ஊசியை மட்டும் குறை சொல்ல வேண்டாம். மேல் ஸ்தாயியை உயர்த்திப் பதிந்து, ஓட்டும்போது தாழ்த்தும் இன்றைய முறை 1950களில் நிலைபெற்றது. இந்தத் தட்டில் அப்படி உயர்த்தவில்லை. இன்றைய பெருக்கி தன் வழக்கப்படி தாழ்த்துவதால் ஒலி மங்குகிறது. மேல் ஒலியைத் தாராளமாகக் கூட்டிக்கொள்ளுங்கள். மோனோவில் ஓட்டினால் இரைச்சலும் கொஞ்சம் குறையும்.

தட்டுகளின் வரிசை குழம்பினால் பதற வேண்டாம். தானாகத் தட்டு மாற்றும் கருவிகளுக்கென்று அந்நாளில் தனியாக அச்சிட்ட தொகுப்புகளில் முதல் பக்கத்தின் பின்னால் இரண்டாம் பக்கம் இருக்காது, கடைசிப் பக்கம் இருக்கும். காகிதத்தில் உள்ள பக்க எண்ணைப் பார்த்து ஓட்டுங்கள்.

கேள்வி: என் பிரதி சரியான வேகத்தில் ஓடுகிறதா என்று எப்படி அறிவது?

பதில்: கைபேசித் தம்புராவை ஏழு கட்டையில் வைத்து, மூன்றாம் பகுதியின் கடைசி ஒலியோடு சேர்த்து ஒலிக்க விடுங்கள். சட்ஜம் கலந்தால் சரி. அலை அடித்தால் சுருதி காட்டும் செயலியால் அளந்து பாருங்கள். 78க்குப் பதில் 80 வேகத்தில் ஓட்டிய பிரதி 44 சென்ட் (அரைக் கட்டைக்கு 100 சென்ட்) ஏறியிருக்கும், அதாவது கிட்டத்தட்ட கால் கட்டை. 50 நிமிட இசையில் 75 வினாடி குறைந்தும் போயிருக்கும். 10 சென்டுக்குள் இருக்கும் வித்தியாசத்தை விட்டுவிடலாம். திருத்தும்போது சுருதியை மட்டும் இறக்காமல் வேகத்தோடு சேர்த்தே இறக்குங்கள், இல்லாவிட்டால் சுருதி சரியாகியும் எல்கரின் நடை தவறாகவே இருக்கும்.

கேள்வி: மெனுஹின் பிற்காலத்தில் இப்படி வாசிக்கவில்லை என்கிறார்களே? இதே கான்செர்டோவுக்கு வேறு எந்தப் பதிவுகளைக் கேட்கலாம்?

பதில்: ஓரளவு உண்மை. இளமையில் இயல்பாக வந்ததை அவர் நடுவயதில் யோசித்துத் தேட வேண்டியிருந்தது. இரண்டாம் உலகப் போரின்போது நேச நாட்டுப் படையினருக்காக 500க்கும் மேற்பட்ட கச்சேரிகள் செய்தார், அந்தக் களைப்பும் சேர்ந்தது. போல்ட் நடத்திய பதிவில் நீண்ட ஸ்வரங்களில் வில் சில இடங்களில் நடுங்குகிறது. ஆனாலும் அந்த வருடல் வரும் இடத்தை அதிலும் கேளுங்கள். 1932இல் இல்லாத ஒரு முதிர்ந்த தயக்கம் அங்கே இருக்கிறது, அதை நாங்கள் குறையாக எண்ணவில்லை.

ஒப்பிட விரும்பினால் ஆல்பர்ட் சாம்மன்ஸ் 1929இல் ஹென்றி உட் நடத்த வாசித்ததிலிருந்து தொடங்குங்கள். மெனுஹினை விட வேகம், உணர்ச்சியை அடக்கிய வாசிப்பு, சாம்மன்ஸை மேலாக வைப்பவர்களும் உண்டு. 1949இல் ஹைஃபெட்ஸ், மால்கம் சார்ஜென்ட் நடத்த 40 நிமிடத்துக்குச் சற்று மேல் மட்டுமே எடுத்துக்கொண்டார். விரல் சுத்தம் அபாரம், ஆனால் எல்கர் நிற்கும் இடங்களில் அவர் நிற்பதில்லை. நைஜல் கென்னடி 1984இல் வெர்னன் ஹேண்ட்லி நடத்தச் செய்த பதிவு நல்ல ஒலியில் விவரமெல்லாம் கேட்க வேண்டுபவருக்கு. அவர் மெனுஹின் நிறுவிய பள்ளியில் படித்தவர். 1916இல் மேரி ஹால், எல்கர் நடத்த, நாலு பக்கங்களுக்குள் சுருக்கி வாசித்ததும் கிடைக்கிறது. மைக்ரோபோன் வருவதற்கு முன், கூம்பின் முன்னால் நின்று வாசித்த பதிவு அது. அதைக் கேட்டால் எல்கரின் நடை 1932இல் வயதானதால் வந்தது அல்ல என்று தெரியும். 1910 நவம்பர் 10 அன்று இதை முதன்முதலில் மேடையேற்றிய ஃபிரிட்ஸ் கிரைஸ்லர் இதைப் பதிவுசெய்யவே இல்லை.